ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பிடித்துக் காரணம் தேடும் முறை

கியர்பாக்ஸ் மாற்றிய காரில் தகராறு வந்தால் எல்லோருடைய கையும் முதலில் கியர்பாக்ஸைத்தான் கழற்றுகிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். கமாரோ, ஷெவெல், மஸ்டாங், சார்ஜர் என்று 1960களின் பிற்பகுதியில் வந்த அமெரிக்கக் கார்களில் இந்த மாற்றத்தைப் பலமுறை செய்தும், பிறர் செய்ததைத் திருத்தியும் நான் கண்டது இதுதான். கிராங்கின் (எஞ்சினின் சுழலும் முதன்மைத் தண்டின்) பின்முனைக்கும் கியர்பாக்ஸின் முன்முகத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சாண் இடம் இருக்கிறது. கோளாறுகளில் பெரும்பகுதி அந்த ஒரு சாணுக்குள் கிடக்கிறது. மீதியில் பெரும்பகுதி, ஆட்டோமேட்டிக் போகும்போது விட்டுச் சென்ற ஒயரிலும் ஹோஸிலும் பின் ஆக்சிலிலும் கிடக்கிறது. கியர்பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டியது கடைசியில்.

கீழே உள்ள அளவுகள் பெரும்பாலும் செவர்லே ஸ்மால் பிளாக் எஞ்சினுக்கானவை. ஃபோர்டு, மோப்பார் (கிரைஸ்லர் குழுமம்) கார்களில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

காருக்கு அடியில் போகும் முன் இரண்டு விஷயம். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டுகள் வைத்து, காரை அசைத்துப் பார்த்த பிறகே போங்கள். அந்தக் காலத்துக் கிளட்ச் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. பழைய தூசியைக் காற்றடித்து ஊதாமல், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை

பேட்டரியும் அதன் முனைகளும் சரியென்றால் அடுத்து நியூட்ரல் சுவிட்ச், அதாவது பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட்டரை இயங்கவிடும் சுவிட்ச். ஆட்டோமேட்டிக் காரில் ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரம் இந்தச் சுவிட்சைத் தாண்டித்தான் போகும். ஜி.எம். கார்களில் ஊதா நிற ஒயரைத் தேடுங்கள். ஷிஃப்டரைக் கழற்றியபோது அந்த இணைப்பு அறுந்து தொங்கிக்கொண்டிருக்கும். டெஸ்ட் விளக்கை வைத்துச் சுவிட்சின் இரு பக்கமும் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பலர் இரண்டு முனைகளையும் நேராக முறுக்கி இணைத்துவிடுகிறார்கள். கார் ஸ்டார்ட் ஆகும். கியரில் இருக்கும்போதும் ஸ்டார்ட் ஆகும். வெளியே நின்று ஜன்னல் வழியாகச் சாவியைத் திருப்பிய ஒருவரின் கார் கராஜ் கதவை இடித்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அதே ஒயரில் கிளட்ச் பெடலால் இயங்கும் ஒரு சுவிட்சை வையுங்கள். விலை மிகக் குறைவு. ரிவர்ஸ் விளக்கின் ஒயர்களையும் அப்போதே புதிய ஷிஃப்டரில் உள்ள சுவிட்சுக்கு நீட்டிவிடுங்கள்.

சாவி வெளியே வரவில்லை

1969 முதல் ஜி.எம். கார்களில் ஸ்டீயரிங் பூட்டு வந்தது. ஆட்டோமேட்டிக் காரின் ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங் தண்டின் உறை) பார்க் நிலைக்கு வராமல் சாவி விடாது. அந்த உறையின் அடியில் உள்ள நெம்புகையைப் பார்க் நிலையில் நிறுத்திக் கட்டினால் சாவி வந்துவிடும், ஆனால் ஓடும் காரில் சாவியைப் பூட்டு நிலைவரை திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். அந்த வருடத்து மேனுவல் கார்களில் ரிவர்ஸ் கியரோடு இணைந்த ஒரு கம்பி இதைத் தடுத்தது. அந்தக் கம்பியைத் தேடிப் போடுவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

ஸ்டார்ட்டர் கீச்சிடுகிறது, அல்லது பல்லை அரைக்கிறது

சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

எஞ்சின் பிடிக்கும் முன், சுற்றும்போதே கீச்சென்றால், ஸ்டார்ட்டர் பினியனுக்கும் ஃபிளைவீல் பல்லுக்கும் இடைவெளி அதிகம். எஞ்சின் பிடித்த பிறகு, சாவியை விடும் நேரத்தில் கீச்சென்றால் இடைவெளி குறைவு. இரண்டையும் ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்தோ எடுத்தோ சரிசெய்யலாம். பினியனை வெளியே இழுத்துப் பல்லின் அடிக்கும் எதிர்ப்பல்லின் முனைக்கும் நடுவே நேராக்கிய பேப்பர் கிளிப் கம்பி நுழைகிறதா என்று பார்ப்பது பழைய முறை. இன்றும் அது போதும்.

ஷிம்மால் தீராமல் பல்லைத் தின்றால் பொருத்தமே தவறு. செவர்லே ஃபிளைவீல் 153 பல்லிலும் 168 பல்லிலும் வரும். சிறியதற்கு ஸ்டார்ட்டர் போல்டுகள் நேர்வரிசையில் இருக்கும், பெரியதற்குச் சாய்வாக. ஆட்டோமேட்டிக்கில் இருந்த ஸ்டார்ட்டரை அப்படியே வைத்துக்கொண்டு வேறு அளவு ஃபிளைவீல் போட்டவர்கள் இங்கே மாட்டுகிறார்கள். பற்களை எண்ணிப் பாருங்கள். ஃபோர்டு 289, 302 எஞ்சின்களிலும் 157, 164 என்று இரண்டு அளவு உண்டு.

ஐடிலில் எஞ்சின் தடுமாறுகிறது

மாற்றத்துக்கு முன் நன்றாக ஓடிய எஞ்சின் இப்போது தடுமாறினால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். பவர்கிளைடு, டர்போ 350 என்ற ஜி.எம். ஆட்டோமேட்டிக் பெட்டிகள் இரண்டிலும், கியர் மாறும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டருக்கு எஞ்சினிலிருந்து ஒரு வேக்கம் ஹோஸ் போகும். பெட்டி போய்விட்டது, ஹோஸின் மறுமுனை திறந்து கிடக்கிறது, எஞ்சின் அதன் வழியே காற்றை உறிஞ்சுகிறது. ஒரு ரப்பர் மூடி போதும்.

ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைக்கிறது

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். இதற்காகவே நல்ல நிலையில் இருக்கும் பெட்டிகள் பழுதுபார்க்க அனுப்பப்படுவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

எஞ்சின் ஓடட்டும். பெடலை முழுவதும் மிதித்துப் பத்து எண்ணுங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள்.

*பத்து எண்ணிய பிறகு சத்தமின்றி விழுந்தால்*

கிளட்ச் விடுபடுகிறது. உள்ளே ஷாஃப்ட் இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததுதான் காரணம். மன்ஸி (ஜி.எம்.இன் நாலு கியர் மேனுவல்) பெட்டியில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) கிடையாது. முதலில் ஒரு முன் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸுக்குப் போகப் பழகுங்கள். கழற்ற ஒன்றுமில்லை.

*பத்து எண்ணிய பிறகும் அரைத்தால்*

ஏதோ ஒன்று அந்த ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கீழே உள்ள வரிசையில் போங்கள், தாவ வேண்டாம்.

பெடலுக்கு அடியில் தடித்த கார்ப்பெட் மடிந்திருக்கிறதா? அரை அங்குலப் பெடல் ஓட்டம் அங்கேயே போயிருக்கும். அடுத்து, பெடலைக் கையால் அழுத்தி, எதிர்ப்பு வரும்வரை உள்ள சும்மா ஓட்டத்தை அளங்கள். ஏறக்குறைய 1 அங்குலம் சரி. 2 என்றால் கம்பியைத் திருகிக் குறையுங்கள்.

இன்னொருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லி நீங்கள் கீழே பாருங்கள். பெடலுக்கும், கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க் என்ற நெம்புகோலுக்கும் நடுவே உள்ள குறுக்குத் தண்டின் புஷ்கள் தேய்ந்திருந்தால் தண்டு முதலில் ஆடும், பிறகே ஃபோர்க்கைத் தள்ளும். ஹைட்ராலிக் வைத்திருந்தால் மாஸ்டர் சிலிண்டர் பூட்டிய தகடு வளைகிறதா என்று பாருங்கள். அறுபதுகளின் ஃபயர்வால் மெல்லிய தகடு. அது எஞ்சின் பக்கம் உப்பினால் எத்தனை முறை காற்றை வெளியேற்றினாலும் கிளட்ச் விடாது. பின்னால் ஒரு கனத் தகடு வைத்துப் பலப்படுத்துங்கள்.

இப்போது எஞ்சினை நிறுத்தி, சமதளத்தில் முதல் கியர் போட்டு, பெடலை மிதித்தபடி காரைத் தள்ளச் சொல்லுங்கள். உருளவில்லை என்றால் தகடு விடுபடவில்லை. எளிதாக உருள்கிறது, ஆனால் எஞ்சின் ஓடும்போது மட்டும் அரைக்கிறது என்றால் கிராங்கின் பின்முனையில் இன்புட் ஷாஃப்டைத் தாங்கும் பைலட் புஷ்ஷின் மேல் சந்தேகம் கொள்ளுங்கள்.

தகடு விடுபடவில்லை என்று தெரிந்தால், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடிமூடியைக் கழற்றி, பெடல் மிதித்த நிலையில் தகட்டுக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவே ஃபீலர் கேஜை நுழையுங்கள். 0.040 அங்குல அளவில் இடைவெளி வேண்டும். வரவில்லை என்றால், பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கின் நீளம்தான் முதல் காரணம். செவர்லேயில் 1 1/4 அங்குலப் பேரிங்கும் 1 7/8 அங்குலப் பேரிங்கும் உண்டு. பிரஷர் பிளேட்டின் விரல்கள் வளைந்திருந்தால் குட்டைப் பேரிங், தட்டையாக இருந்தால் நீளப் பேரிங். இவற்றை மாற்றிப் போட்டால் ஃபோர்க் ஜன்னலின் விளிம்பில் இடித்து நின்றுவிடும். இதற்குப் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கியபோது தகடு திருப்பிப் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபிளைவீல் பக்கம் எது என்று தகட்டிலேயே எழுதியிருக்கும். திருப்பிப் போட்டால் அதன் நடுப்பகுதி ஃபிளைவீல் போல்டுகளில் உரசும்.

பைலட் புஷ்ஷைப் பொறுத்தவரை ஒரு பழக்கம் எல்லாத் தொல்லையையும் தவிர்க்கும். புஷ்ஷை அடித்து இறக்கிய பிறகு உள்துளை சுருங்கும். பெட்டியை ஏற்றும் முன், அதே விட்டமுள்ள பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றை நுழைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அதை அங்கேயே சரிசெய்ய வேண்டும். பெட்டியின் போல்டுகளை இறுக்கி ஷாஃப்டைப் புஷ்ஷுக்குள் இழுத்தவர்கள் புஷ்ஷையும் கெடுத்து, பெட்டியின் காதையும் உடைத்திருக்கிறார்கள்.

மோப்பார் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் முன்னதாகவே பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக்குக்கு என்று வந்த சில கிராங்குகளில் பைலட் துளை முழு அளவுக்குக் கடையப்பட்டிருக்காது. ஷாஃப்டின் முனையை அறுத்துக் குட்டையாக்கும் குறுக்குவழி பழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. கிராங்கைக் கடைவது லேத் பட்டறையின் வேலை, உங்கள் கை டிரில்லின் வேலை அல்ல.

மிதித்த பெடல் தரையிலேயே நின்றுவிடுகிறது

மஸ்டாங், மோப்பார் கார்களில் பெடலின் மேற்புறம் உதவி ஸ்பிரிங் ஒன்று உண்டு. மூன்று விரல் பிரஷர் பிளேட்டின் பாரத்தைக் குறைக்க வைத்தது அது. டயாஃப்ரம் வகை போட்டிருந்தால் ஸ்பிரிங்கின் இழுப்பு பெடலின் திரும்பும் விசையை வென்றுவிடும். கழற்றிவிடுங்கள். செவர்லேயில், அதிலும் அதிகச் சுற்றில் மட்டும் பெடல் கீழேயே தங்கினால், விரல்கள் அளவுக்கு மீறித் தள்ளப்படுகின்றன. பெடலுக்கு அடியில் ஒரு நிறுத்தம் வையுங்கள்.

எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

முதலில் சும்மா ஓட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். பிறகு பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய்க் கசிவு. எஞ்சினின் பின் சீல் கசிந்து தகட்டில் பட்டிருந்தால் கழுவிப் பயனில்லை, தகடும் சீலும் புதிதாக வேண்டும். புதுத் தகடு என்றால், முதல் 500 மைல் ஊருக்குள் மென்மையாக ஓட்டிப் பழக்குங்கள்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பக் கிளட்சைத் தேய்க்க வேண்டியிருக்கிறது, வாடை வருகிறது

கிளட்சின் மேல் பழி போட்டு இரண்டாவது, மூன்றாவது செட் வாங்கியவர்களை நான் அறிவேன். காரணம் பின் ஆக்சிலில் இருக்கிறது.

ஆட்டோமேட்டிக் கார்களில் பல 2.73 அல்லது 3.08 ஆக்சிலோடு வந்தன. பவர்கிளைடின் முதல் கியர் வெறும் 1.76தான், ஆனாலும் கார் கிளம்பியது. டார்க் கன்வர்ட்டர் நின்ற இடத்தில் எஞ்சினின் இழுவையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கொடுத்ததே காரணம். அந்தக் கன்வர்ட்டரை இறக்கியபோது அந்த மடங்கையும் இறக்கிவிட்டோம். இப்போது மன்ஸி எம்-21 ஏற்றினால் முதல் கியர் 2.20. அதை 2.73 ஆல் பெருக்கினால் 6தான். எம்-20 என்றால் 2.52, பெருக்கினால் 6.9 கூட வராது. சாலையில் சுகமாக ஓட 9 முதல் 10 வரை வேண்டும்.

ஆக்சில் மூடியிலோ குழாயிலோ உள்ள குறியீட்டைப் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு பின் சக்கரங்களையும் தூக்கி ஒன்றாக ஒரு சுற்று சுற்றி, புரொப்பலர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள்.

தீர்வு இரண்டு. பெட்டி இன்னும் வாங்கவில்லை என்றால் ஆழமான முதல் கியர் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். டிரெமெக் டி.கே.எக்ஸ் பெட்டியில் 3.27 முதல் கியர் கிடைக்கிறது, 2.73 ஆக்சிலோடு 8.9 வரும். ஆனால் அதன் ஐந்தாவது கியர் 0.72, அந்த ஆக்சிலில் அது நெடுஞ்சாலையில்கூட எஞ்சினைத் திணறவைக்கும். அதனால் எனக்குப் பிடித்தது மற்ற வழி: 2.87 முதல் கியரும் 3.55 ஆக்சிலும், பெருக்கினால் 10.2. செவர்லே 12 போல்ட் ஆக்சிலில் 2.73 பற்களைத் தாங்கும் கேரியர் 3.55 பற்களை ஏற்காது, கேரியரும் மாற வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பினியன் ஆழமும் பற்களின் இடைவெளியும் அமைப்பது இதற்கென்றே கருவிகள் வைத்திருப்பவரின் வேலை. இதை வீட்டில் முயல வேண்டாம்.

அதிர்வு

*நின்ற காரில், நியூட்ரலில், எஞ்சின் சுற்று ஏறும்போது வந்தால்*

ஃபிளைவீல். போல்டு இறுக்கத்தை முதலில் பாருங்கள். செவர்லேயில் 60 அடி-பவுண்டு. தளர்ந்த ஃபிளைவீல், எஞ்சின் அடி பேரிங் போனதைப் போலவே தட்டும். அடுத்தது சமன் எடை. செவர்லே 350இன் பழைய வகை உள்ளேயே சமன் செய்யப்பட்டது. 400க்கும் 454க்கும் ஃபிளைவீலில் எடை வேண்டும். 1986 முதல் வந்த ஸ்மால் பிளாக்கில் பின் சீல் மாறியதோடு போல்டு வட்டமும் சமனும் மாறின. ஃபோர்டு 302இல் பழையது 28 அவுன்ஸ்-அங்குலம், 1980களின் தொடக்கத்திலிருந்து 50. மோப்பார் 360இல் ஆட்டோமேட்டிக்குக்கான சமன் எடை கன்வர்ட்டரிலேயே ஒட்டியிருக்கும். கன்வர்ட்டரோடு அந்த எடையும் போய்விட்டது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. தவறான ஃபிளைவீலோடு ஓட்டிப் பார்க்காதீர்கள், கிராங்க் பேரிங்குகள் தாங்காது.

*சாலை வேகத்தில் மட்டும் வந்தால்*

புரொப்பலர் ஷாஃப்ட். பெட்டியின் சாய்வையும் பினியனின் சாய்வையும் கோணமானியால் அளங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக, ஒரு டிகிரிக்குள் சமமாக இருக்க வேண்டும். பெட்டியின் தாங்கியில் ஷிம் வைத்து மாற்றலாம். கோணம் சரியாக இருந்தும் அதிர்ந்தால், ஷாஃப்டைச் சமன் செய்யும் பட்டறைக்கு அனுப்புங்கள்.

ஸ்பீடாமீட்டர் தவறாகக் காட்டுகிறது

செல்பேசி ஜி.பி.எஸ்ஸோடு ஒப்பிடுங்கள். கேபிளின் முனையில் உள்ள சிறு பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையை மீட்டர் காட்டும் வேகத்தால் பெருக்கி, உண்மை வேகத்தால் வகுங்கள். 20 பல் இருக்க, 60இல் போகும்போது 66 என்று காட்டினால் 22 பல் வேண்டும்.

கியர் தானாகக் கழன்று விழுகிறது, அல்லது பேரிங் இரைகிறது

முதலில் எண்ணெய். மன்ஸிக்கு 80 டபிள்யூ-90 ஜி.எல்-4. ‘வேர்ல்ட் கிளாஸ்’ வகை டி-5 ஐந்து கியர் பெட்டிக்கு ஆட்டோமேட்டிக் திரவம்தான். அதில் கனமான கியர் ஆயிலை ஊற்றினால் குளிர்காலக் காலைகளில் கியர் நகரவே நகராது. அடுத்து ஷிஃப்டர் கம்பிகள். ஹர்ஸ்ட் ஷிஃப்டரில் நியூட்ரலில் 1/4 அங்குலக் கம்பி ஒன்று மூன்று நெம்புகோல்களையும் தாண்டித் தடையின்றி நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் கம்பிகளைத் திருத்துங்கள். பல நேரம் கியர் கழலுவது அதோடு நிற்கும். ஷிஃப்டர், காரின் தரையில் வெட்டிய ஓட்டையின் விளிம்பில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

இவற்றால் தீராவிட்டால், பெட்டியைத் திறக்கும் முன் பெல் ஹவுசிங்கின் மையத்தை அளங்கள். டயல் இண்டிகேட்டரை ஃபிளைவீலில் பூட்டி, பெல் ஹவுசிங்கின் நடுத்துளையைச் சுற்றி வரச் செய்யுங்கள். முள் காட்டும் மொத்த அசைவில் பாதிதான் உண்மையான விலகல். பழைய நாலு கியர் பெட்டிகள் மொத்தம் 0.010 அங்குலம் வரை பொறுக்கும். டிரெமெக் ஐந்து கியர் பெட்டிகளுக்கு 0.005க்குள் இருக்க வேண்டும். மீறினால் விலகிய மையமுள்ள டோவல் பின்கள் (பெல் ஹவுசிங்கை எஞ்சினில் சரியான இடத்தில் நிறுத்தும் ஊசிகள்) 0.007, 0.014, 0.021 அங்குல அளவுகளில் கிடைக்கின்றன. எஞ்சின் பிளாக்கில் டோவல் பின்களே இல்லாமல் பூட்டியிருந்தால், எதையும் அளக்க வேண்டாம், முதலில் அவற்றைப் போடுங்கள்.

ஒரு ஷெவெல்லின் மன்ஸி பெட்டி மூன்றாவது கியரைவிட்டுக் கழன்றுகொண்டே இருந்தது. இரண்டு முறை பழுதுபார்த்தும் தீரவில்லை என்று உரிமையாளர் மனமுடைந்து காரை விற்கவே முடிவு செய்திருந்தார். பெட்டியின் முன் வளையம் 4 11/16 அங்குலம். அவருக்கு யாரோ கொடுத்திருந்த பெல் ஹவுசிங் டிரக்கிலிருந்து வந்தது. அதன் துளை 5 1/8 அங்குலம். பெட்டி எதிலும் அமராமல் நான்கு போல்டுகளில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சரியான பெல் ஹவுசிங் வந்த அன்றே கோளாறு நின்றது. அந்தக் கார் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

மையம் சரி, எண்ணெய் சரி, கம்பிகள் சரி, அப்படியும் நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது இரைந்து, மிதித்ததும் நின்றால் இன்புட் பேரிங் தேய்ந்திருக்கிறது. மிதித்தால் மட்டும் இரைந்தால் ரிலீஸ் பேரிங்கோ பைலட்டோ காரணம். அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. வடித்த எண்ணெயில் பித்தளைத் தூள் மினுங்குவது சின்க்ரோ வளையங்களின் தேய்மானம். காந்தத்தில் எஃகுத் துண்டுகள் ஒட்டியிருந்தால் இனி ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள்.

பெட்டியை நிபுணரிடம் கொண்டுபோகும்போது பெல் ஹவுசிங்கையும் எடுத்துச் செல்லுங்கள். டயல் இண்டிகேட்டரில் கிடைத்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி அதன் மேல் ஒட்டுங்கள். வடித்த எண்ணெயைக் கொட்டிவிடாமல் ஒரு பாட்டிலில் அடைத்துக் கூடவே கொடுங்கள்.